வில்லன் வாசித்த வானிலை அறிக்கை

அதை மல்யுத்தம் என்று சொல்வதே வெண்டல் ஸ்ட்ரவுடுக்குப் பிடிக்காது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, டன்மோர் தொலைக்காட்சி நிலையத்தின் பின்கட்டு ஸ்டுடியோவில், தொப்பை சரிந்த நாலு பேர் ஜட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளுவார்கள். மர பெஞ்சில் அறுபது பேர் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். யார் ஜெயிப்பது என்பது வெள்ளிக்கிழமையே முடிவாகியிருக்கும். இந்தக் கூத்தைப் பதினோரு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து வர்ணித்தவர் அவர். வாரநாட்களில் அதே நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு வானிலை சொன்னவரும் அவர்தான். மேற்கு டென்னசியில் அந்தப் பக்கத்துக் குடியானவர்கள், வெண்டல் மழை என்று சொன்னால்தான் வைக்கோலைக் கொட்டகைக்குள் ஏற்றுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரைச் சனிக்கிழமை மட்டும் கோமாளிகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். இந்த ஆத்திரம் எண்பத்தொரு வயதிலும் அவருக்கு ஆறவில்லை.

அந்த நிகழ்ச்சியின் ஒளிநாடா ஒன்றுகூட மிஞ்சவில்லை. காசை மிச்சம் பிடிக்க நிலையத்தார் ஒரே நாடாவில் வாராவாரம் அழித்து அழித்துப் பதிந்தார்கள். நிலையம் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று வெண்டல் போகிற இடமெல்லாம் சொல்வார். அதனால், பழைய ரசிகர்கள் பள்ளிக்கூட ஜிம்மில் வரும் சனிக்கிழமை கூடப்போகிறார்கள், யாரிடமோ ஒரு பழைய கேசட் சிக்கியிருக்கிறது, நீங்கள் வந்து அன்றைக்குப் போலவே அதை வர்ணிக்க வேண்டும் என்று போனில் ஒரு குரல் கேட்டபோது, அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, சரி என்றார். இந்த ஜனங்கள் காதில் இத்தனை காலம் பூச்சுற்றியது போதும், ஒரு தடவையாவது அவர்கள் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். பழைய கேசட் ஓட்டும் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கைகொடுத்து, தன் பெயர் ராண்டல் ஹாட்லி என்றார்.

"க்ளோவிஸ் ஹாட்லியோட மகன் சார் நான்."

வெண்டல் கையை இழுத்துக்கொண்டார்.

க்ளோவிஸ் ஹாட்லி என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. மல்யுத்தத்தில் அவன் கட்டிய வில்லன் வேஷமான டீக்கன் கிரேவ்ஸ் என்றால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் காறித் துப்புவார்கள். கறுப்பு அங்கி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பொய் வேதப்புத்தகம். கோயில் குளம் என்று இருக்கிற ஜனங்களுக்கு முன்னால் அப்படி ஒரு வேஷம் கட்டிக்கொண்டு வந்து, டன்மோர் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று பிரசங்கம் செய்வான். மேடைக்குப் பின்னால் பார்த்தால் பேசாத ஆள். மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியை மூலையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வான்.

அந்தத் தொழிலில் எல்லாமே பொய் என்பதைவிட, அந்தப் பொய்யை அவர்கள் கட்டிக் காத்த விதம்தான் வெண்டலுக்குச் சகிக்காது. நல்லவனும் வில்லனும் ஒரே காரில் போகக் கூடாது. ஒரே ஊருக்கு, ஒரே ஆட்டத்துக்கு, இரண்டு காரில் போவார்கள். ஆட்டத்தில் கழுத்து உடைந்ததாகக் கதை வந்தால் ஆறு வாரம் கழுத்துப்பட்டையோடுதான் மளிகைக் கடைக்குப் போக வேண்டும். வீட்டில் பிள்ளைகள் முன்னால்கூடக் கழற்றக் கூடாது. முக்கியமாக, வில்லனானவன் தன் பக்க நியாயத்தை வெளியில் யாரிடமும் பேசக் கூடாது. தெருவில் ஒருவன் முட்டையால் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் வேதவாக்காகக் கடைப்பிடித்த அந்த ஆட்களை வெண்டல் மனுஷப் பிறவியாகவே மதித்ததில்லை.

ஆனால் டீக்கனை வெறுக்க அவருக்கு வேறு காரணம் இருந்தது. ஊருக்கே இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே பெல் கிரீக் கிராமத்தைச் சூறைக்காற்று அடித்துத் துடைத்தது. ஏழு பேர் செத்தார்கள். அந்தக் கதையை வெண்டல் நாற்பது வருஷமாகப் பள்ளிக்கூடங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் சொல்லி வந்தார். செய்தி அறைப் பெண் எச்சரிக்கைச் சீட்டைக் கொண்டுவந்து தன் கையில் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீக்கன் அதைப் பிடுங்கிக் கேலிக்கூத்தாக்கினான், சீட்டைத் திரும்ப வாங்கித் தான் எச்சரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லும்போது அந்த இடத்தில் அவர் குரல் உடையும். கேட்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பெல் கிரீக்கில் செத்தவர்களில் ஒருத்தி லோரீன் பர்செல். அவள் மகள் ட்வைலாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இப்போது டன்மோரில் சலவை நிலையம் நடத்துகிறாள். ஒவ்வொரு ஏப்ரலும் அந்தத் தேதியில் வெண்டல் வீட்டுக்கு வந்து, எங்கம்மாவைக் காப்பாத்தப் பாத்தது நீங்க ஒருத்தர்தான் என்பாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவாள். மனைவி செத்த பிறகு வெண்டல் வருஷம் முழுக்க எதிர்பார்க்கிற வரவு அது ஒன்றுதான்.

இப்போது அந்த டீக்கனின் மகன் அவருடைய வரவேற்பறையில் தரையில் மண்டியிட்டு ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தான். ஊரில் முதன்முதலாக வீடியோ பெட்டி வாங்கிய ஒரு பல் டாக்டருக்கு இந்த மல்யுத்தப் பைத்தியம் இருந்ததாம். அவர் செத்து, வீட்டுச் சாமான்களை வாசலில் போட்டு விற்றபோது, பழைய கேசட் பெட்டியில் இது கிடைத்ததாம். தேதியைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றான்.

"உங்கப்பன் செஞ்ச காரியத்த ஊரக் கூட்டிப் போட்டுக் காட்டப் போறியா தம்பி?" என்றார் வெண்டல். "வெக்கமா இல்ல?"

ராண்டல் பொத்தானை அமுக்கினான்.

படம் நடுங்கி நடுங்கி வந்து நின்றது. முதலில் வெண்டலுக்குத் தன் தலைமுடியைப் பார்த்து எரிச்சல் வந்தது. பிறகு அந்த ஸ்டுடியோவைப் பார்த்து. அட்டைச் சுவர், அதில் ஒட்டுப்போட்ட திரை, மூலையில் சமையல் நிகழ்ச்சிக்கு வைத்த அடுப்பைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இதற்காகத்தானே அறுபது பேர் காலை எட்டு மணிக்கே வந்து வாசலில் நின்றார்கள் என்று நினைத்தபோது அவருக்குப் பழைய ஆத்திரம் திரும்பியது. மல்யுத்த வளையத்துக்குள் ஊர்ச் செல்லப்பிள்ளையான ஒருவன் குத்து வாங்காமலே சுருண்டு விழுந்துகொண்டிருந்தான். ஒரு கிழவி பெஞ்சின் மேல் ஏறி நின்று குடையை ஆட்டினாள்.

"பாரு அந்த மூஞ்சிகள" என்றார் வெண்டல். "ஒருத்தனுக்காவது மூளை இருந்திருந்தா நானெல்லாம் அங்க ஏன் உக்காரப் போறேன்?"

மேஜையில் அவரும், பக்கத்தில் விருந்தாளி வர்ணனையாளனாக டீக்கனும். அப்போது ஐந்து வாரமாக ஓடிய ஒரு விளையாட்டு இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நிகழ்ச்சியை நடத்திய பாய்ஸ் டார்ப்ளி என்கிற முதலாளி கிளப்பிவிட்டது. வாராவாரம் டீக்கன் வெண்டலின் காகிதங்களைப் பிடுங்கி, நாளை டன்மோரில் தவளை மழை பெய்யும், அடுத்த வாரம் கந்தகம் பெய்யும் என்று வாசிப்பான். உடனே வெண்டல் கேமராவைப் பார்த்து, நேயர்களே, இந்த ஆள் வாயில் உண்மை வராது, நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும். கூட்டம் பொய், பொய் என்று கூவும். பதினோரு வருஷத்தில் வெண்டலுக்குக் கைதட்டல் விழுந்தது அந்த ஐந்து வாரம்தான். அவருக்கு அது பிடித்திருந்தது. அதுவரை யாரும் கைதட்டியிராத வானிலை மேதைக்கு அந்த முட்டாள்களின் கைதட்டல் தேனாக இருந்தது. இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

படத்தில் செய்தி அறைப் பெண் வந்தாள். சீட்டை வெண்டலின் கையில் கொடுக்கவில்லை. அவர் முன்னால் மேஜைமேல் வைத்து, தோளைத் தொட்டாள். வெண்டல் வளையத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஈயை ஓட்டுவது போலக் கையை வீசி அவளைப் போகச் சொன்னார். அவள் தயங்கி நின்றுவிட்டுப் போனாள்.

டீக்கன் சீட்டை எடுத்தான். பிடுங்கவில்லை, கிடந்ததை எடுத்தான். வேஷக் குரலில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தான். இந்தத் தடவை பிரசங்கக் குரல் இல்லை.

"பெல் கிரீக்குக்கு மேற்க சூறக்காத்து எறங்கியிருக்கு. கெழக்க வருது. பெல் கிரீக்ல இருக்கறவங்க இப்பவே நிலவறைக்குப் போங்க. நெசமாத்தான் சொல்றேன், போங்க."

வெண்டல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நாற்பத்தொரு வயதுச் சிரிப்பு.

"நேயர்களே, இந்த ஆள் வாயில் உண்மை வராது. காலையில் வரைபடத்தை நானே பார்த்தேன், வானம் பளிச்சென்று இருக்கிறது. நம்பாதீர்கள்."

கூட்டம் பொய், பொய் என்று கூவியது.

அப்போது டீக்கன் கிரேவ்ஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அந்தத் தொழிலில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று வெண்டலுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில்கூட அந்த ஆள் அதைக் கழற்றியதில்லை. சீட்டை வெண்டலின் முகத்துக்கு முன்னால் நீட்டி, வெண்டல், இதப் படி, தயவு செஞ்சு படி என்றான். எப்போதும் மழைக்காரா என்று கூப்பிடுகிறவன் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வெண்டல் அந்தக் கையைத் தட்டிவிட்டு, எப்பேர்ப்பட்ட நடிகன் பார்த்தீர்களா என்றார். அதற்கும் கைதட்டல் விழுந்தது. டீக்கன் எழுந்து கேமராவுக்கு முன்னால் போய் நின்றான். செல்லப்பிள்ளை ஓடிவந்து, இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து, அவன் தலையில் நாற்காலியால் அடித்தான்.

விளம்பரம் வரும்வரை எட்டு நிமிஷம். அதற்குப் பிறகு வந்த வெண்டலின் முகத்தில் ரத்தம் இல்லை. எச்சரிக்கையை அழகாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அப்போது பெல் கிரீக்கில் கேட்பதற்கு ஆள் இல்லை.

ராண்டல் பெட்டியை அணைத்தான். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெண்டலுக்கு வாய் வந்தது. அது பொய். முதல் வாரம் அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. நிலைய மேலாளர் அறையில், சீட்டை யார் பிடுங்கினது, டீக்கனா என்று கேட்டார்கள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான் செய்தது. மற்றதை ஊர் செய்தது. பெல் கிரீக்கைப் பார்த்துச் சிரித்த சண்டாளன் என்று டார்ப்ளி சுவரொட்டி அடித்து, மூன்று வாரம் அரங்கத்தை நிரப்பினான். செத்தவர்களின் சொந்தக்காரர்களே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். டீக்கன் மூன்று வாரமும் வந்து அடி வாங்கினான். கடைசி வாரம் எவனோ கத்தியைத் தொடையில் இறக்கினான். அதற்கப்புறம் குடும்பத்தோடு அலபாமாவுக்குப் போய் லாரி ஓட்டினான். கதையைச் சொல்லச் சொல்ல, வெண்டலுக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது.

"உங்கப்பா இதப் பத்தி வீட்ல என்ன சொன்னாரு?" என்று கடைசியில் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல சார். எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. பள்ளிக்கூடத்துல பசங்க என்ன அடிச்சிட்டு, உங்கப்பன் கொலகாரன்னானுங்க. அவருகிட்ட வந்து கேட்டா, ஆமா, வில்லன்னா அப்படித்தான் இருப்பான்னாரு. நானும் அத நம்பிட்டேன். பத்து வருஷம் அவரோட பேசல." அவன் ஒயரைச் சுருட்டினான். "எம்பத்து நாலு வயசு. அலபாமாவுல ஒரு முதியோர் இல்லத்துல கெடக்காரு. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. நீங்க வேணாம்னா இதப் போடமாட்டேன். திருட்டுத்தனமா உங்கள மாட்டிவிட வரல. ஆனா அவரு உயிரோட இருக்கறப்பவே இந்த ஊர்ல யாராவது ஒருத்தர் நடந்தத நடந்தபடி சொல்லணும். அது நீங்களா இருந்தா நல்லது."

கேசட்டை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனான். அதுதான் வெண்டலுக்குத் தாங்கவில்லை. மிரட்டியிருந்தால், இந்தக் கூட்டமே இப்படித்தான் என்று வாயார ஏசிவிட்டு அதை அடுப்பில் போட்டிருக்கலாம். இரவெல்லாம் அவருக்கு ஊரோ, சங்கங்களோ, சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரமோ ஞாபகம் வரவில்லை. ட்வைலா சனிக்கிழமை ஜிம்முக்கு வருவாள், முன்வரிசையில் உட்காருவாள், திரையில் அதைப் பார்ப்பாள் என்பது ஒன்றுதான் வந்தது. அவள் அங்கே பார்ப்பதற்கு முன்னால் தன் வாயால் கேட்டுவிட வேண்டும். கேட்டபின் அவள் தன் வீட்டு வாசல் மிதிக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதை நினைத்து அழுதார்.

வெள்ளிக்கிழமை காலை சலவை நிலையத்தில் கூட்டம் இல்லை. ட்வைலா படுக்கை விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், என்ன சார் இவ்வளவு தூரம், சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெண்டல் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு மேஜைமேல் இருந்ததை, அந்தப் பெண்ணைக் கையை வீசி விரட்டியதை, டீக்கன் கண்ணாடியைக் கழற்றியதை, தான் சிரித்ததை. குரல் எங்கேயும் உடையவில்லை. உடைப்பதற்கு இந்தக் கதையில் அவருக்கு இடம் இல்லை.

ட்வைலா விரிப்பை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

வெண்டல் புரியாமல் பார்த்தார்.

"நான் வீட்லதான இருந்தேன்? டிவி முன்னாடிதான உக்காந்திருந்தேன்? அந்தாளு படிச்ச ஒடனே அம்மா எந்திரிச்சிட்டாங்க. வாடி கீழ போலாம்னாங்க. நாந்தான் பாவாடையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். வெண்டல் சாரே பொய்னுட்டாரு, ஆட்டம் முடியட்டும்மான்னேன். எனக்கு அந்தச் செல்லப்பிள்ள மேல அவ்வளவு ஆச. அவன் ஜெயிக்கறதப் பாக்கணும்."

"அப்ப வருஷா வருஷம் எதுக்கும்மா என் வீட்டுக்கு வந்த?"

"நீங்க அந்தக் கதையச் சொல்றதக் கேக்கத்தான். நீங்க சொல்றப்ப அந்த வீட்ல எங்கம்மா மட்டும்தான் இருப்பாங்க. நான் இருக்கமாட்டேன். ஒரு மணி நேரம் நல்லா இருக்கும். அப்புறம் ஒரு வருஷத்த ஓட்டிருவேன்."

வெண்டல் இப்போது உட்கார்ந்தார். உலர்த்தும் இயந்திரம் ஒன்று மட்டும் உருண்டுகொண்டிருந்தது. பெஞ்சில் ஏறிக் குடையை ஆட்டிய கிழவியை நேற்று அவர் என்னவெல்லாம் ஏசினார். அந்தக் கிழவியாவது வில்லனை வெறுக்க டிக்கெட் வாங்கினாள், ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போனாள். இவரும் ட்வைலாவும் ஒரு மனிதனை நாற்பது வருஷம் ஓசியில் வெறுத்திருக்கிறார்கள். தன்னைப்போல அற்பன் அந்த ஸ்டுடியோவில் ஒருவனும் இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"இருக்காரா அவரு?" என்று ட்வைலா கேட்டாள்.

"இருக்காரு. அலபாமாவுல."

"இத்தன நாளும் ஒரு வார்த்த சொல்லலையா?"

"வில்லன் தன் பக்க நியாயத்த வெளிய பேசக் கூடாதுன்னு அவங்க தொழில்ல ஒரு சட்டம்."

ட்வைலா அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும் அப்படி எந்தச் சட்டமும் இல்லியே சார்."

வெண்டல் போனை எடுத்து ராண்டலைக் கூப்பிட்டு, நாளைக்குக் கேசட்டை முழுசாகப் போடு, பக்கத்தில் உட்கார்ந்து நானே வர்ணிக்கிறேன், உங்கப்பாவும் கேட்கிற மாதிரி ஏற்பாடு செய் என்றார். வைப்பதற்குள் ட்வைலா கையை நீட்டித் தடுத்தாள்.

"மேஜ கிட்ட எனக்கும் சேத்து ரெண்டு நாற்காலி போடச் சொல்லுங்க" என்றாள்.